புதுச் செல்வமும் அதன் திறவுகோலும்



பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பு நாடி வெளி மாநிலம் செல்லும் தமிழ்க் குடும்பங்களில் முன்னாளில் ஒரு வழக்கம் உண்டு. ரயிலில் ஏறியதும் தகரப் பெட்டியை இருக்கையின் அடியில் தள்ளிச் சங்கிலியால் பிணைப்பர். அதன் சாவியை மட்டும் வீட்டுத் தலைவி தன் முந்தானையில் முடிந்துகொள்வாள். பெட்டியை எவரும் காணலாம். சாவி எவர் கண்ணிலும் படாது. மாதுங்காவிலும் கரோல்பாகிலும் அல்சூரிலும் குடியேறிய நம் முன்னோர் பலர் இவ்வாறுதான் தம் சிறு பொருளைக் காத்துவந்தனர். இன்று பெட்டியும் மாறிவிட்டது, பொருளும் மாறிவிட்டது. கிரிப்டோ நாணயம் என்னும், கையால் தொட்டறிய இயலாத ஒருவகைச் செல்வத்தை நம் இளைஞர் பலர் வாங்கி வைத்துள்ளனர். ஆயினும் சாவியைக் காக்க வேண்டும் என்னும் நியதி மாத்திரம் மாறவில்லை. அச்சாவியைக் காப்பதற்கென்றே அமைந்த ‘ஹார்டுவேர் வாலட்’ என்னும் சிறு கருவியைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

தொடக்கத்திலேயே ஒன்றைக் கூறிவிடுவது நம் கடமையாகும். இந்நாணயங்களை வாங்குமாறு எவரையும் தூண்டுவது இப்பேச்சின் நோக்கமன்று. இவற்றின் விலை ஒரே மாதத்தில் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்ததும் உண்டு. இவற்றின் ஆபத்தைக் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரிலேயே பொதுமக்களை எச்சரித்தது. 2018 ஏப்ரலில் அவ்வங்கி விதித்த தடையை 2020 மார்ச் 4 அன்று உச்சநீதிமன்றம் நீக்கிற்று. 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் உடைமையாகக் கொள்ளத்தக்க ஒருவகைச் சொத்தே என்று கூறியது. எனினும் அது சட்டப்படி செல்லுபடியாகும் பணம் ஆகிவிடவில்லை. வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம். வாங்கியவர் அதனை இழந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதே நம் கவலை.

இனி, இச்செல்வம் எங்கே இருக்கிறது என்று காண்போம். 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று, சடோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒருவர் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 2009 ஜனவரி 3 அன்று பிட்காயின் பேரேட்டின் முதற் பக்கம் எழுதப்பட்டது. அன்று முதல் அப்பேரேட்டின் படிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் ஒன்றுபோல் இருந்துவருகின்றன. எந்த முகவரிக்கு எவ்வளவு நாணயம் உரியது என்னும் கணக்கே அதில் உள்ளது. நாணயம் என்று தனியே ஒரு பொருள் எங்கும் இல்லை. ஒரு முகவரியிலிருந்து மற்றொரு முகவரிக்கு மாற்ற வேண்டுமானால், அம்முகவரிக்குரிய இரகசிய எண்ணைக் கொண்டு கையொப்பம் இட வேண்டும். அவ்வெண்ணையே ‘பிரைவேட் கீ’, அதாவது தனித் திறவுகோல் என்கின்றனர். அதனை வைத்திருப்பவரே உடையவர். வங்கியில் சாவி தொலைந்தால் மேலாளரிடம் மனுக் கொடுக்கலாம். இங்கே மேலாளரும் இல்லை, மனுவும் இல்லை.

பெரும்பாலோர் நாணயத்தை வாங்கிய நிலையத்திலேயே விட்டுவைக்கின்றனர். அப்போது திறவுகோல் அந்நிலையத்தார் கையில் இருக்கும். நம்மிடம் இருப்பது அவர்கள் தந்த வாக்குறுதியே. டோக்கியோவில் இயங்கிவந்த மவுண்ட் காக்ஸ் என்னும் நிலையம் 2014 பிப்ரவரியில் நொடித்தபோது சுமார் 8,50,000 பிட்காயின்கள் காணாமற்போயின என்று அறிவித்தது. அவற்றுள் சுமார் 2,00,000 மட்டுமே பின்னர்க் கண்டெடுக்கப்பட்டன. நம் நாட்டிலேயே 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் நிலையத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. அங்கே கணக்கு வைத்திருந்தவர்கள் தம் நாணயங்களை வெளியே எடுக்க ஓராண்டுக்கு மேலும் காத்திருக்க நேர்ந்தது. இத்தகைய நிகழ்ச்சிகளைக் கண்ட பின்னரே, திறவுகோல் நம்மிடம் இருப்பது நன்று என்னும் எண்ணம் பலருக்கு உறைத்தது.

ஆனால் திறவுகோலைச் சாதாரணக் கணிப்பொறியிலோ கைபேசியிலோ வைப்பது, வீட்டுச் சாவியை வாசற்படியில் வைப்பதற்கு ஒப்பாகும். அவை எந்நேரமும் இணையத்தோடு தொடர்பு கொண்டவை. அவற்றுள் நுழையும் வேவு நிரல்களோ பல. ஆகவே, திறவுகோலைத் தன்னுள்ளேயே உண்டாக்கித் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் தனிக் கருவி ஒன்றை அறிஞர்கள் வகுத்தனர். செக் நாட்டின் பிராக் நகரில் உருவான ‘டிரெஸர்’ என்னும் கருவி 2014-இல் விற்பனைக்கு வந்தது. பிரான்சு நாட்டின் ‘லெட்ஜர்’ முதலியன அதனைத் தொடர்ந்தன. பார்வைக்கு இவற்றுட் பல ஒரு தீப்பெட்டி அளவே இருக்கும். சிறு திரையும் ஓரிரு பொத்தான்களும் உண்டு.

இதன் செயலை ஓர் உவமையால் விளக்கலாம். ஊர்ப் பெரியவர் ஒருவர் உள்ளறையில் அமர்ந்திருக்கிறார்; முத்திரை மோதிரம் அவர் விரலில் உள்ளது. வெளியே இருப்பவர் எழுதிய ஓலையைச் சாளரத்தின் வழியே உள்ளே நீட்டுகிறார். பெரியவர் அதனைப் படித்துப் பார்த்து, உடன்பாடாயின் முத்திரையிட்டு ஓலையை மட்டும் திருப்பித் தருகிறார். மோதிரம் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. கணிப்பொறி ஓலையைத் தயாரிக்கிறது. கருவி அதனைத் தன் திரையில் காட்டுகிறது. நாம் பொத்தானை அழுத்தினால் உள்ளேயே கையொப்பம் இடுகிறது. கணிப்பொறியில் கள்ளன் புகுந்திருந்தாலும் திறவுகோல் அவன் கைக்கு எட்டாது.

கருவியை வாங்குவதிலேயே முதல் எச்சரிக்கை தொடங்குகிறது. செய்தவரிடமிருந்தோ, அவர் தம் முகவர் என்று பெயர் குறித்துள்ளவரிடமிருந்தோ வாங்க வேண்டும். பிறர் பயன்படுத்திய கருவி பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டா. பெட்டியின் மேலுள்ள முத்திரைத்தாள் கிழியாதிருப்பது மட்டும் போதிய சான்றாகாது. மீட்புச் சொற்கள் முன்னரே அச்சிடப்பட்ட அட்டை உள்ளே இருந்தால், அல்லது பின் எண் முன்னரே அமைக்கப்பட்டிருந்தால், அது வலை என்று அறிக. அச்சொற்களை அச்சிட்டவன் கையில் உங்கள் திறவுகோலின் படி ஏற்கெனவே இருக்கிறது. நாம் பெரும்பாலும் வாடகை வீடுகளில் வசிப்பவர்கள். வேலைக்குச் சென்ற நேரத்தில் பார்சல் காவலாளியிடமோ அண்டை வீட்டாரிடமோ தங்குவது இயல்பு. இயன்றவரை நேரில் பெற்றுக்கொள்வதே நலம்.

அடுத்து, கருவியோடு இயங்கும் நிரலைக் கணிப்பொறியில் நிறுவ வேண்டும். தேடுபொறியில் முதலில் தோன்றும் விளம்பரத்தை நம்பிப் போலி நிரலை இறக்கி ஏமாந்தவர் பலர். பெட்டியிலுள்ள கையேட்டில் காணும் முகவரியை எழுத்தெழுத்தாகத் தட்டிச் செல்க. கருவி மெய்யானதா என்று சோதிக்கும் வசதி அந்நிரலில் இருக்கும். அச்சோதனையை முடித்து, உள்நிரல் பழையதாயின் புதுப்பித்துக்கொள்க.

பின்னர்க் கருவியில் ‘புதிய வாலட்’ என்பதைத் தேர்ந்து பின் எண் அமைக்க வேண்டும். பிறந்த நாளும் வண்டி எண்ணும் இதற்கு ஆகா. சிலவகைக் கருவிகள் மூன்று முறை தவறான எண்ணைத் தட்டினாலே உள்ளிருப்பதை அழித்துக்கொள்ளும்; வேறு சில பதினாறு முறை வரை பொறுக்கும். திருடன் கையில் கருவி சிக்கினாலும் பொருள் சிக்காதிருப்பதற்கான ஏற்பாடு இது.

இதன்பின் வருவதே எல்லாவற்றினும் முக்கியமான கட்டம். கருவி தன் சிறு திரையில் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டும். ‘சீட் பிரேஸ்’ அல்லது மீட்புச் சொற்கள் என்பன இவையே. 2013-இல் வகுக்கப்பட்ட பொதுமுறை ஒன்றின்படி, 2,048 எளிய சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து இவை எடுக்கப்படுகின்றன. இரகசிய எண்ணையே மனிதர் எழுதத்தக்க சொற்களாக மாற்றித் தருகிறது கருவி. 24 சொற்களால் அமையக்கூடிய திறவுகோல்களின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்டது; ஊகித்துக் கண்டுபிடிப்பது எவராலும் ஆகாது. கருவி உடைந்தாலும், தொலைந்தாலும், செய்தவர் தொழிலையே மூடிவிட்டாலும், இச்சொற்களை மற்றொரு கருவியில் வரிசையாக இட்டால் செல்வம் திரும்பிவிடும். இதனால் ஓர் உண்மை விளங்கும். கருவி ஒரு வசதியே, மூலச்சாவி இச்சொற்களே.

ஆகவே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்காணிப்புக் காமிரா இல்லாத இடத்தில் அமர்ந்து, அழியாத மையால் தாளில் எண்ணிட்டு வரிசை தவறாமல் எழுதுக. கைபேசியில் படம் எடுத்தலாகாது. மின்னஞ்சலில் தனக்குத் தானே அனுப்பி வைத்தலும், ஊரிலுள்ள தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புதலும், கணிப்பொறியில் தட்டெழுதுதலும் கூடா. இவற்றுள் ஒன்றைச் செய்தாலும், கருவி வாங்கிய செலவே வீண். எழுதி முடித்ததும் கருவி சில சொற்களைக் கேட்டுச் சரிபார்க்கும்.

இங்கே பலர் செய்யத் தவறும் சோதனை ஒன்று உண்டு. முழுத் தொகையையும் மாற்றுவதற்கு முன், மிகச் சிறு தொகையை மட்டும் கருவியின் முகவரிக்கு அனுப்புக. அது வந்துசேர்ந்ததும், கருவியை முற்றும் அழித்து, தாளில் எழுதிய சொற்களைக் கருவியிலேயே இட்டு மீட்டுப் பார்க்கவும். அதே முகவரியும் அச்சிறு தொகையும் மீண்டும் தோன்றினால் எழுதியது சரி. தோன்றாவிடில் இழப்பு சிறிதே. தவறும் உரிய காலத்தில் வெளிப்பட்டுவிடும். இவ்வொத்திகைக்கு அரைமணி நேரம் போதும். சில நிலையங்கள் வாங்கிய நாணயத்தை வெளியே எடுத்துச்செல்ல இடந்தருவதில்லை. அதனை வாங்கும் முன்பே கேட்டறிதல் நன்று. மேலும், ஒரே பெயருடைய நாணயம் வெவ்வேறு வலையமைப்புகளில் வழங்குவதுண்டு. அனுப்பும் இடத்திலும் பெறும் இடத்திலும் ஒரே வலையமைப்பைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

அன்றாடப் பயன்பாட்டில் கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே: கணிப்பொறித் திரையை நம்பாது கருவித் திரையை நம்புக. நாம் படியெடுத்த முகவரியை ஒட்டும் வேளையில் கள்வனின் முகவரியாக மாற்றிவிடும் வேவு நிரல்கள் உள்ளன. முதல் நான்கு எழுத்தும் இறுதி நான்கு எழுத்தும் ஒத்திருக்குமாறு போலி முகவரி செய்து, நம் பழைய கணக்குப் பட்டியலில் நுழைத்துவைக்கும் சூழ்ச்சியும் உண்டு. ஆதலின் முகவரி முழுவதையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பொத்தானை அழுத்துக. விளங்காத செய்தி எதற்கும் கையொப்பம் இடற்க. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்னும் பன்னாட்டு நிலையம் சுமார் 150 கோடி டாலரை இழந்தது. அங்கே பொறுப்பாளர்கள் கண்ட திரையில் வழக்கமான மாற்றம் ஒன்றே தோன்றிற்று. உண்மையில் அவர்கள் கையொப்பமிட்டது வேறோர் ஆணை. முத்திரை மோதிரம் விரலிலேயே இருந்தது. ஓலையில் எழுதியிருந்தது மட்டும் அவர்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை.

இனி, சொற்களை எங்கே வைப்பது? தாளுக்கு நீரும் நெருப்பும் கறையானும் பகை. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாக்குரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும், கீழ்த்தளத்து வீடுகளில் பத்திரங்களும் சான்றிதழ்களும் கூழாய்ப் போனதையும் அந்நகரத் தமிழர் மறந்திரார். எஃகுத் தகட்டில் சொற்களைப் பொறித்துவைப்பது அதற்கு மாற்று. அப்பட்டியலில் எந்தச் சொல்லையும் அதன் முதல் நான்கு எழுத்துகளைக் கொண்டே அடையாளம் காணலாம் என்பதால், நான்கு நான்கு எழுத்துகளாகப் பொறித்தாலும் போதும். படிகள் இரண்டு, இருவேறிடங்களில் இருக்கட்டும். ஒன்று நாம் வாழும் நகரத்தில். மற்றொன்று ஊரில், நம்பத்தக்க பெற்றோர் பொறுப்பிலோ வங்கிப் பெட்டகத்திலோ. 24 சொற்களைப் பாதியாக வெட்டி இரண்டு இடங்களில் வைப்பது புத்திசாலித்தனம் போலத் தோன்றும். ஆனால் ஒரு பாதி அழிந்தாலும் முழுவதும் போயிற்று. கருவியையும் சொற்களையும் ஒரே பையில் வைப்பதோ, பூட்டையும் சாவியையும் ஒன்றாகக் கட்டித் தெருவில் வைப்பதற்குச் சமம்.

கருவியை உடைக்க இயலாத கள்வர், மனிதர் மனத்தை உடைக்க முயல்வர். லெட்ஜர் நிறுவனத்திலிருந்து 2020-இல் வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தன. அவ்வாண்டு டிசம்பரில் சுமார் 2,72,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் வெளியாயின. திறவுகோல் எதுவும் களவுபோகவில்லை. ஆனால் அதன்பின் அம்மக்களுக்குப் போலிக் கடிதங்களும், ‘உங்கள் கருவி பழுது, இப்புதியதைப் பயன்படுத்துக’ என்னும் குறிப்போடு போலிக் கருவிகளும் தபாலில் வந்தன. செய்தவரோ, வங்கியாரோ, காவல்துறையினரோ உங்கள் மீட்புச் சொற்களை ஒருபோதும் கேட்கமாட்டார். கேட்பவர் எவராயினும், தமிழில் இனிக்கப் பேசி ‘நானும் நம் ஊர்தான்’ என்றாலும், அவர் கள்வரே. அயல் மண்ணில் நம் மொழியைக் கேட்டதும் நெஞ்சு நெகிழ்வது இயற்கை. அந்நெகிழ்ச்சியையே முதலாக்கித் தொழில் நடத்துவோரும் உளர். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காது, 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

இப்பேச்சை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றைக் கூறி முடிப்போம். சில ஆண்டுகளுக்கு முன் முதியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். புனே நகரில் பணியாற்றிய அவருடைய ஒரே மகன் சாலை விபத்தில் காலமாகி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. மேல்துண்டில் முடிந்திருந்த சிறு கருவி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, “ஐயா, இதில் என் பிள்ளையின் பணம் இருக்கிறதாம், எடுத்துக் கொடுப்பீர்களா?” என்றார். மகனின் கணிப்பொறியையும் கொண்டுவந்திருந்தார். அதிலிருந்த நிரலைத் திறந்தபோது தொகை தெளிவாகத் தெரிந்தது. தங்கையின் திருமணத்திற்கென அவன் சேர்த்துவந்தது அது. பின் எண் என்னவாக இருக்கும் என்று உறவினர் மூவர் ஆளுக்கொரு முறை முயன்றிருந்தனர். கருவி தன் கடமையைச் செய்து அனைத்தையும் அழித்துக்கொண்டது. அதனால் மட்டும் கேடில்லை. சொற்கள் இருந்தால் மீட்டுவிடலாம் என்றோம். “இங்கிலீஷ் வார்த்தைகள் எழுதிய நோட்டு ஒன்று இருந்ததா?” என்று கேட்டோம். முதியவர் சற்று நேரம் பேசவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்தபோது பழைய நோட்டுகளையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டதாகக் கூறினார். வரிசையாக எண்ணிட்டு இங்கிலீஷ் வார்த்தைகள் எழுதிய நோட்டு ஒன்றும் அவற்றில் இருந்ததாம். பள்ளி நாளில் அவன் எழுதிய பாடம் என்று அம்மையார் எண்ணிவிட்டாராம்.

அப்பிள்ளை எந்த விதியையும் மீறவில்லை. நல்ல கருவி வாங்கினான்; சொற்களைத் தாளில் எழுதினான்; எவரிடமும் சொல்லவில்லை. அந்தக் கடைசி ஒன்றே பிழையாயிற்று. தொகை இன்றும் அப்பேரேட்டில் அவன் முகவரிக்கு நேரே நிற்கிறது. உலகத்தார் யாவரும் அதைக் காணலாம். ஒரு காசையும் எவராலும் அசைக்க இயலாது.

ஆகவே நேயர்களே, இதனை வைத்திருப்போர் இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் மீட்புச் சொற்களை எழுத வேண்டா. இப்படி ஒரு செல்வம் உண்டு, கருவி இன்ன இடத்தில் இருக்கிறது, சொற்கள் பொறித்த தகடு இன்ன பெட்டகத்தில் இருக்கிறது, என் காலத்திற்குப்பின் இன்னாரை உடன் வைத்துக்கொண்டு இன்ன முறையில் எடுக்கவும் என்று, அம்மாவுக்கும் புரியும் தமிழில் எழுதுங்கள். உயிலிலும் அதனைச் சேருங்கள். பெட்டகம் எடுத்திருந்தால் வாரிசுதாரர் பெயரைப் பதிவுசெய்யுங்கள். வாங்கிய நாளும் விலையும் குறித்த கணக்கும் உடன் இருக்கட்டும். 2022 ஏப்ரல் முதல் இவ்வகை இலாபத்திற்கு நூற்றுக்கு 30 வீத வரி விதிக்கப்பட்டது. திறவுகோல் நம் கையில் இருப்பதால் வரிக்கடமை நீங்கிவிடாது.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, உண்டு முடித்துத் திண்ணையில் அமர்ந்த வேளையில், அப்பாவிடமோ மனைவியிடமோ கால்மணி நேரம் இதைப்பற்றிப் பேசுங்கள். தகரப் பெட்டிச் சாவியை முந்தானையில் முடிந்த அக்காலத்துத் தாயும், தான் கண்ணயரும்போது மூத்த மகளை எழுப்பி, சாவி எங்கே இருக்கிறது என்று காதோடு சொல்லிவிட்டுத்தான் உறங்கினாள்.